மேஸ்திரி வேலை வேண்டாம் என்று அந்த அம்மா ஏன் சொன்னார்?

கேள்வி: போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோர் வைத்திருக்கிறேன். 44 பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் 36 பேர் காய் பொறுக்கும் பெண்கள். மேலே கேரள மலையில், வண்டன்மேட்டுப் பக்கம் காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றும் உண்டு, மீதி 8 பேர் அங்கே. ஆட்களை வளர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று, இரண்டு வருடத்துக்கு முன் மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்து ஒரு நாள் பயிற்சி வைத்தேன். ஒன்றும் மாறவில்லை. வேலை பழகியவர்கள் 20 ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த தெரு ஸ்டோருக்குப் போய்விடுகிறார்கள். 14 வருடமாக இருக்கும் ஒரு அம்மா சீசனில் கிலோக் கணக்கில் நாளைக்கு 550 வரை எடுப்பார். சீசன் இல்லாத ஆறு மாதமும் மாதத்துக்கு 15 நாள்தான் வேலை, நாள் கூலி 400. போன ஆகஸ்டில் அவரை மாதம் 12,000 சம்பளத்தில் மேஸ்திரியாக்குகிறேன் என்றேன். "வேண்டாம் மொதலாளி" என்று முடித்துவிட்டார். கேமராவால் நிறம் பார்த்துக் காய் பிரிக்கும் கலர் சார்ட்டர் மெஷின் வாங்கியதிலிருந்து பெண்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது நின்றால் கோயம்புத்தூர் ஆள் வரும்வரை இரண்டு நாள் சும்மா கிடக்கிறது. பயிற்சியே தண்டச் செலவு, கொடுத்தால் இரண்டு வருடம் போகமாட்டேன் என்று எழுதி வாங்க வேண்டும் என்கிறான் என் மகன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தேன்.

நாளைக்கு 550 என்றால் 26 நாளுக்கு 14,300. நீங்கள் கொடுப்பதாகச் சொன்னது 12,000. பதவி உயர்வு என்ற பெயரில் மாதம் 2,300 ரூபாயைக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் காய் வந்து குவிகிற ஆகஸ்டில். 14 வருடம் காயைத் தொட்டே தரம் சொல்லும் பெண்ணுக்கு இந்தக் கணக்குப் போட ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆனால் வருடக் கணக்கு வேறு மாதிரி. சீசன் ஆறு மாதத்தில் அவர் எடுப்பது 85,800. மீதி ஆறு மாதத்தில், மாதம் 6,000 வீதம் 36,000. மொத்தம் 1,21,800. உங்கள் சம்பளம் வருடத்துக்கு 1,44,000. அதாவது நீங்கள் சொன்னது அவருக்கு 22,200 ரூபாய் லாபமான காரியம். அதை நீங்கள் சொல்லவும் இல்லை, அவருக்குத் தெரிய வழியும் இல்லை. பங்குனி, சித்திரையில் கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றிருப்பார். ஆடி, ஆவணியில் கேட்டால் யாரும் மாட்டேன் என்றுதான் சொல்வார்கள்.

பணம் ஒன்றுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. காய் பொறுக்கும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொழுந்தியாளாக இருப்பார், எதிரில் இருப்பவர் சீட்டுப் போடும் தோழியாக இருப்பார். நேற்றுவரை அவர்களோடு ஒரே தூக்குச் சட்டியில் பகிர்ந்து சாப்பிட்டவர், இன்று எழுந்து நின்று "இது சரியா பொறுக்கலை" என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு இருந்து ரிஜிஸ்டர் எழுத வேண்டும். எழுதப் படிக்க அவருக்கு எவ்வளவு வரும் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், 14 வருடமாகக் கிலோ எடையை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

இனி அந்த மதுரைப் பயிற்சி. இதில் எனக்கும் ஒரு பழைய வெட்கம் உண்டு. 25 வருடத்துக்கு முன் ஒரு நூற்பாலையில் பணியாளர் அதிகாரியாகச் சேர்ந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரைக் கூட்டிவந்தேன். 60 பெண்கள் வந்தார்கள். பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசி, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், இன்னைக்குக் கூலி உண்டா?" உண்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நிர்வாகம் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. அன்றிலிருந்து எந்த முதலாளி பயிற்சி என்று வந்தாலும் நான் முதலில் கேட்பது அந்தப் பெண்ணின் கேள்வியைத்தான்.

உங்களுக்கும் அதே கேள்வி. அந்த ஒரு நாள் கிலோக் கணக்கு ஓடவில்லையே, கூலி கொடுத்தீர்களா? பயிற்சி முடிந்த பிறகு யாருக்காவது கூலியில் ஒரு ரூபாய் கூடியதா, செய்கிற வேலை மாறியதா, எதையாவது தாமே முடிவு செய்யும் இடம் கிடைத்ததா? மூன்றுக்கும் இல்லை என்றால், உங்கள் ஸ்டோரில் நடந்தது கூட்டம். ஆட்களை வளர்ப்பதற்கு இன்னும் நீங்கள் காசு செலவழிக்கவே இல்லை. தண்டச் செலவு என்று மகன் சொல்வது அந்த அளவில் சரிதான்.

கிலோக் கூலி இருக்கும் இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, முதலாளிகள் யாரும் இதைக் கவனிப்பதில்லை. நன்றாகப் பொறுக்கத் தெரிந்தவர் புதிய பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய சொந்தக் கிலோவிலிருந்து போகிறது. அதனால் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். "பார்த்துக் கத்துக்க" என்பதோடு சரி. புதிய பெண் மூன்று மாதம் குறைந்த கூலியில் திண்டாடுவார், நாலாவது மாதம் கை பழகியதும் 20 ரூபாய் கூடக் கொடுக்கிறவரிடம் போய்விடுவார். அவரைப் பழக்கியது நீங்கள் என்று நினைக்கிறீர்கள். அவருக்கு அப்படித் தோன்றாது, தானே கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைப்பார். அவர் நினைப்பதுதான் உண்மை.

இதற்கு வைத்தியம் எளிது. நல்ல கை உள்ள மூன்று, நாலு பேரைச் சொல்லிக் கொடுப்பவர்களாக அறிவியுங்கள். சொல்லிக் கொடுக்கும் நாளில் அவர்களுக்கு அந்த மாதத்துச் சராசரிக் கூலியை அப்படியே கொடுத்து, மேலே ஒரு தொகையும் சேருங்கள். எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களை அவசரமாகப் பழக்க வேண்டியிருந்தது. அப்போது உருவான நாலு படி இது: கற்பவரின் பயத்தைப் போக்கி உட்கார வை, நீ செய்து காட்டி ஏன் அப்படி என்று சொல், அவரைச் செய்யவிட்டு அவர் வாயாலேயே ஏன் என்று சொல்லவை, பிறகு தனியே விட்டு அவ்வப்போது வந்து பார். பின்னாளில் ஜப்பானியக் கார் கம்பெனிகள் இதைப் பிடித்துக்கொண்டன. நம் ஊரில் மூன்றாவது படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். வெடித்த காயையும் இலைப்பேன் சுரண்டிய சொறிக் காயையும் ஏன் வெவ்வேறு தட்டில் போடுகிறோம் என்று புதிய பெண் சொல்லட்டும். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் சொல்லிக் கொடுத்தது போதவில்லை.

அடுத்து, கற்றது கூலியில் தெரிய வேண்டும். இப்போது உங்களிடம் ஒரே கூலி விகிதம்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதை நாலு படியாகப் பிரியுங்கள். பொறுக்க மட்டும் தெரிந்தவர். அளவும் தரமும் பிரிக்கத் தெரிந்தவர், அதாவது அக்மார்க் கணக்கில் 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது எக்ஸ்ட்ரா போல்ட், 6-இல் நிற்பது போல்ட், 5-இல் நிற்பது சுப்பீரியர் என்று தெரிந்தவர். மூன்றாவது, லிட்டர் எடை பிடிக்கத் தெரிந்தவர். எக்ஸ்ட்ரா போல்ட் என்றால் ஒரு லிட்டர் அளவில் குறைந்தது 435 கிராம் இருக்க வேண்டும், அது குறைந்தால் காய் உள்ளே பதர் என்று சொல்லத் தெரிந்தவர். நாலாவது, இவை எல்லாம் தெரிந்து பிறருக்குச் சொல்லியும் கொடுப்பவர், அல்லது மெஷின் பார்ப்பவர். படிக்குப் படி எவ்வளவு கூடும் என்பதைச் சுவரில் எழுதிப் போடுங்கள். யார் எந்தப் படி என்பதை நீங்கள் தனியாக முடிவு செய்யாதீர்கள், தட்டை எல்லோர் முன்னாலும் கொட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த தெரு ஸ்டோர் 20 ரூபாய் காட்டிக் கூப்பிடும்போது, இங்கே இரண்டு மாதத்தில் மூன்றாம் படி ஏறிவிடுவேன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தால் கணக்கு மாறும். எல்லோரும் தங்கிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் போவார்கள்.

செலவு எவ்வளவு என்று மகன் கேட்பார். வாரம் ஒரு மணி நேரம், 8 வாரம், 36 பேர். நாள் கூலி 400 என்றால் மணிக்கு 50. மொத்தம் 14,400 ரூபாய். கிலோ 2,400 என்று வைத்தால் 6 கிலோ காய். ஒரு லாட்டில், அதாவது மொத்தமாக ஏலத்துக்கு அனுப்பும் சரக்கில், தரம் தவறி விலை இறங்கினால் எத்தனை கிலோ போகும் என்பதை நீங்களே அவருக்குச் சொல்லுங்கள். இதைச் சீசனில் தொடங்க வேண்டாம். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பும் வாரத்தில் தொடங்கினால், மலையில் புதுக் காய் எடுப்பதற்குள் 8 வாரம் ஓடிவிடும். அந்த மாதங்களில் அவர்களுக்கும் கூலி நாள் தேவைப்படுகிறது.

இன்னும் ஒன்று, செலவே இல்லாதது. போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தின் அதிகபட்ச விலை, சராசரி விலை இரண்டையும் மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு வெளியிடுகிறது. அதை அன்றன்று கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். உங்கள் லாட் போன விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். கூலி கூடக் கேட்பார்களே என்று பயமாக இருக்கும். ஐயா, அவர்கள் வீட்டுப் பையன்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, விலை உங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: தங்கள் கை பட்ட காய் ஏன் அதிகபட்ச விலைக்கு 300 ரூபாய் கீழே நின்றது என்பது. அதைப் பேச ஆரம்பித்தால் நீங்கள் நினைக்காத இடத்திலிருந்து பதில் வரும். இன்று மலை முழுக்க நிற்கும் ஞள்ளானி ஏலக்காய் ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் நல்ல செடியைத் தேர்ந்து பெருக்கி உருவாக்கியது அது.

உங்கள் மேல் ஸ்டோரையும் இதில் சேருங்கள். இரண்டும் ஒரே முதலாளியுடையவை என்றாலும் இரண்டு நாடு போல இருக்கும், எனக்குத் தெரியும். மேலே ரிஜிஸ்டர் மலையாளத்தில், கீழே தமிழில். சூடு கூடிப்போனால் காய் வெடிக்கும், பச்சை வெளுக்கும். வெடித்த காயை முதலில் பார்ப்பவர்கள் கீழே பொறுக்கும் பெண்கள். அந்தச் செய்தி மேலே உலர்த்துபவர் காதுக்குப் போவதே இல்லை. பெண்களில் இரண்டு பேரை ஒரு நாள் ஜீப்பில் மேலே கூட்டிப்போய், டிரையரில் 45 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் நடுவே சூட்டை எப்படி நிறுத்துகிறார்கள் என்று காட்டுங்கள். உலர்த்துபவரை ஒரு நாள் கீழே வரவழைத்துத் தட்டுக்கு முன் உட்கார வையுங்கள். சாக்கில் எந்த நாள் காய், எந்தத் தட்டு என்று இரண்டு எழுத்திலும் ஒரு சீட்டு கட்டினால் போதும். இதற்குப் பயிற்சியாளர் யாரும் வேண்டியதில்லை.

கலர் சார்ட்டர் விஷயத்தில் உங்கள் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. தங்கள் கண்ணுக்குப் பதிலாக ஒரு கேமராவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இனி யார் இருப்பார், யார் போவார் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. முதலில் அதைச் சொல்லுங்கள். மெஷினால் எத்தனை பேர் வேலை குறையும் என்று உங்களுக்கு உண்மையாக என்ன தெரியுமோ அதைச் சொல்லுங்கள், இனிப்புத் தடவ வேண்டாம்.

பிறகு அவர்களிலிருந்தே இரண்டு பேரை மெஷினுக்கு எடுங்கள். கோயம்புத்தூர் ஆளுக்கு மெஷின் தெரியும், காய் தெரியாது. எந்த வெளுப்பைத் தள்ளலாம், எந்த வெளுப்பு முதல் தரத்திலேயே போகும் என்று முடிவு செய்ய இந்தக் கண்கள்தான் வேண்டும். திரையில் எழுத்தெல்லாம் ஆங்கிலமாக இருக்கும். ஒவ்வொரு பட்டன் பக்கத்திலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள், ஒட்டும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். நிற்கும்போதெல்லாம் கோயம்புத்தூருக்குப் போன் போட வேண்டியதில்லை. பாதி நேரம் கண்ணாடியில் தூசி படிந்திருக்கும், இல்லையென்றால் கம்ப்ரசரில் தண்ணீர் சேர்ந்திருக்கும். கோயம்புத்தூர் ஆள் அடுத்த தடவை வரும்போது, வேலையை முடித்துக் கிளம்பவிடாமல் அரை நாள் பிடித்து வைத்து, அவர் செய்வதை இவர்கள் கையால் செய்யவிடச் சொல்லுங்கள். அதற்குக் கூடக் காசு கேட்டால் கொடுங்கள், பேரம் பேச வேண்டாம்.

கூடவே ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீஷியனோ ஃபிட்டரோ ஒருவரை அப்ரண்டிஸாக, அதாவது உதவித்தொகை கொடுத்து வேலை பழக்கும் ஆளாக, எடுக்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்கள் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016-இலிருந்து இருக்கிறது. ஆனால் அந்தப் பையனை மெஷினுக்கு எஜமானாக்கிவிட்டு இரண்டு பெண்களை எடுபிடியாக்கிவிடாதீர்கள். பல இடங்களில் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

வெளிச் சான்றிதழ் ஒன்று அவசியம். உணவுப் பொருளைக் கையாளும் இடத்தில் 25 பேருக்கு ஒரு உணவுப் பாதுகாப்புக் கண்காணிப்பாளர், பயிற்சி பெற்றவராக, இருக்க வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்கிறது. பயிற்சியின் பெயர் ஃபாஸ்டாக். டோல்கேட்டில் ஒட்டுவது வேறு, இது வேறு. 44 பேருக்கு இரண்டு பேர் ஆகிறது. வழக்கமாக முதலாளியின் மகனும் கணக்கப்பிள்ளையும் போய் வாங்கிவந்து சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள். உங்கள் ஸ்டோரில் அந்தச் சான்றிதழில் காய் பொறுக்கும் பெண் ஒருவரின் பெயராவது இருக்கட்டும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டையும் வளர்ச்சிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கிலோக் கூலிக்காரர்களுக்கும் அவை சட்டப்படி சேர வேண்டியவை.

எழுதி வாங்குவது பற்றி. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, வேலையை விட்ட பிறகு வேறு இடத்தில் அதே தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கினால் அது செல்லாது. குறைந்தபட்ச காலம் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் வேறு வகை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 வருடம் முடியும் முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மகன் அதைப் படித்துவிட்டுக்கூட இதைச் சொல்லியிருக்கலாம். அந்த வழக்கில் இருந்தவர் வங்கியில் சீனியர் மேனேஜர். நாள் கூலி 400 வாங்கும் பெண்ணிடம் அந்த மாதிரிக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவது வேறு விஷயம். முன்பணம் கொடுத்து, அது தீரும்வரை வெளியே போகக் கூடாது என்று வைத்தால், 1976-ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் உங்கள் வாசலுக்கு வரும். ஆதாரையோ மகளின் சான்றிதழையோ வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் உங்கள் ஸ்டோரில் இருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சட்டத்தை விடுங்கள், தொழில் புத்தியாக யோசித்தாலும் அது வேண்டாம். காகிதத்துக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவர் கையில் தரம் நிற்காது. போகிறவரிடம் "எப்ப வேணும்னாலும் வாம்மா" என்று சொல்லி அனுப்புங்கள், திரும்பி வந்தால் பழைய படியிலேயே உட்கார வையுங்கள். அடுத்த தெருவுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் செய்திகளும் உங்களுக்குப் பயன்படும்.

கடைசியாக அந்த அம்மா. மறுபடி கேளுங்கள், ஆனால் எல்லோர் முன்னாலும் ஸ்டோர் வாசலில் வைத்து வேண்டாம். நான் மேலே போட்ட வருடக் கணக்கைத் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். அதோடு சீசன் ஆறு மாதத்துக்கு மாதம் 2,500 கூட்டுங்கள். சீசனில் 14,500, மற்ற மாதங்களில் 12,000, வருடத்துக்கு 1,59,000 ஆகிறது. உங்களுக்குக் கூடுதல் செலவு 15,000. ரிஜிஸ்டர் எழுத ஒரு ஆளைப் பக்கத்தில் வைப்பீர்களா, அல்லது வேலை நேரத்திலேயே அவருக்கு எழுதக் கற்றுக்கொடுப்பீர்களா என்பதையும் எழுதுங்கள். சாயங்காலம் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பதையும் எழுதுங்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் பழையபடி கிலோக் கூலிக்கே திரும்பலாம், அதில் கௌரவக் குறைவு இல்லை என்று ஒரு வரி சேருங்கள். தாளை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும், பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். ஒரு வாரம் எதுவும் கேட்காதீர்கள்.

அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சொல்லிக் கொடுக்கும் நாலு பேரில் ஒருவராக இருக்கச் சம்மதமா என்று மட்டும் கேளுங்கள், மேஸ்திரியாக யாரைப் போடலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.